மாந்தோவின் காலை மாத்திரை

"மாந்தோவ் அம்மா, ராத்திரியிலேர்ந்து ஒண்ணும் குடுக்கலையே?"

நர்ஸ் பெண் கேட்பது இதோடு இரண்டாம் முறை. நாய் ஆஸ்பத்திரியில் நாயை வளர்ப்பவளுக்குப் பீயுன் என்ற சொந்தப் பெயர் எதற்கு? நாயின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

"காலையில நீங்க சொன்ன மாத்திரை மட்டும்தான். அதுவும் துளிக் கறியில வச்சு" என்றாள் பீயுன்.

துளியாம், துளி! முழுக் கிண்ணம் சோறு. மேலே கொழுப்போடு பன்றிக்கறி, சாறு ஊற்றிப் பிசைந்தது. பதினோரு வயசு மாந்தோவ் கிண்ணத்தைப் பளபளவென்று நக்கிவிட்டுத்தான் நிமிர்ந்தது.

மாத்திரை, வயிற்றில் அமிலம் ஊறாமல் இருக்க. ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுத்தால் தொண்டை தளர்ந்துவிடும், வயிற்றில் இருப்பது மேலே வரும், நுரையீரலுக்குள் போனால் அவ்வளவுதான் என்று நேற்றே அந்தப் பெண் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டிச் சொல்லியிருந்தாள். மாத்திரை மட்டும் போதாது, வயிறு காலியாக இருக்கணும்.

எல்லாம் புரிந்தது. புரிந்துதான் சோறு போட்டாள்.

சம்மதத் தாளை நீட்டினார்கள். எங்கே கையெழுத்து என்று அவள் கேட்கவில்லை. இந்த மாதிரித் தாள் அவளுக்குப் புதிதில்லை.

மாந்தோவை உள்ளே கூட்டிப் போனார்கள்.

உட்கார்ந்தாள். எழுந்தாள். தண்ணீர் பிடித்தாள், குடிக்கவில்லை. காலை எட்டு மணிக்கே தைனான் ஊர் வெயில் கண்ணாடிக் கதவில் ஏறிவிட்டது. கதவுக்கு அந்தப் பக்கம், முன்னங்காலில் முடி மழிக்கும் சத்தம் கிர்ரென்று கேட்டது.

சத்தம் நின்றது. இனி ஊசிதான்.

சனியனே, வாயைத் திறந்து சொல்லித் தொலையேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சொன்னால் ஆபரேஷன் தள்ளிப்போகும். வயிற்றில் கட்டியோடு இன்னொரு ராத்திரி, இன்னொரு விடியல். அந்த விடியலை நினைக்கவே பயமாக இருந்தது.

கதவைப் படபடவென்று தட்டினாள்.

"ஊசி போடாதீங்க! முழுக் கிண்ணம் தின்னிருக்கு!"

மருந்து ஏற்றிய ஊசியோடு டாக்டர் கோ வெளியே வந்தார். சின்ன வயசுக்காரர், காதெல்லாம் சிவந்திருந்தது. கத்தப்போகிறார் என்று நினைத்தாள். அவர் ஊசிக்கு மூடியைப் போட்டார்.

"இப்பவாவது சொன்னீங்களே, அம்மா. நாளைக்குக் காலையில கூட்டிட்டு வாங்க. ராத்திரி பத்து மணிக்கு மேல எவ்வளவு கெஞ்சினாலும் ஒரு வாய் குடுத்துடாதீங்க. மனசைக் கல்லாக்கிக்கணும், சரியா?"

மாந்தோவ் தத்தித் தத்தி வந்து அவள் விரல்களை நக்கியது. கறி வாசனை இன்னும் போகவில்லை போலிருக்கிறது.

"என்னால முடியாது டாக்டர். ராத்திரி நீங்களே வச்சுக்குங்க."

"ஒரே ஒரு ராத்திரிதானே?"

பீயுன் நாயின் கயிற்றை அவர் கையில் திணித்தாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் அன்னிக்கு, விடியக்காலையில மூணு தடவை மீன் கஞ்சி கேட்டாரு. மனசைக் கல்லாக்கிட்டு இல்லைன்னுட்டேன்" என்றாள். "பசியோடயே போயிட்டாரு."