தோளோரம் ஒரு சேலை

மழை விட்டு, ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் வெயில் விழுகிறது. பெட்டிக்காரர் பன்னீர்செல்வம் கொண்டுவந்த சவப்பெட்டியில் வார்னிஷ் வாடை இன்னும் போகவில்லை. உள்ளே நந்தகுமார் படுத்திருக்கிறார். நோயில் இளைத்த உடம்புக்கு இருபுறமும் இடம் மிஞ்சுகிறது. "உங்க ஊரு ஹட் பேக்குப் போற ஜஹாஸ் கடல்ல ரொம்ப ஆடும்மா. உள்ள எடம் இருந்தா அவரு உருளுவாரு. அவரு துணி எதுனா இருந்தாக் குடு" என்கிறார் பன்னீர்செல்வம். மனைவி வைஜெயந்தி ஆஸ்பத்திரிப் பையைத் திறந்து லுங்கிகளையும் போர்வையையும் எடுத்துத் தருகிறாள். அவர் ஒவ்வொன்றாகச் சுருட்டி, தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல இடுப்போரமும் காலோரமும் செருகுகிறார். இடது தோளருகே மட்டும் இன்னும் இடம் இருக்கிறது. "மரத்தூள் மூட்டை வெச்சிரவா?" "வேண்டாண்ணே. கப்பல்ல எனக்குத்தான் தலை சுத்தும். அந்தத் தோள்லதான் சாஞ்சுக்கிட்டு வருவேன்." பையில் அவளுடைய சேலை ஒன்றுதான் மிச்சம், ஆஸ்பத்திரித் தரையில் விரித்துப் படுத்தது. அதை மடித்துத் தோளோரம் வைத்து அழுத்துகிறாள். பன்னீர்செல்வம் வழக்கம்போலப் பெட்டியை இரு கையாலும் பிடித்து மெல்ல ஆட்டிப் பார்க்கிறார். நந்தகுமார் நகரவில்லை. மூடியைத் தூக்குகிறார். "இன்னொரு தடவ ஆட்டுங்கண்ணே, கடல் மோசமா இருக்காம்" என்கிறாள் வைஜெயந்தி, கணவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். அவர் மூடியைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு தடவை ஆட்டுகிறார்.