ஒன்றாம் சேனல்

மலையடிவாரத்துப் பனிச்சறுக்குக் கடையில் வாங்குமுன் சோதித்துப் பார்க்க, கார்லீன் ஒரு வாக்கி டாக்கியைக் காதோடு அழுத்திக்கொண்டிருக்கிறாள். போன வருடம் மூடுபனியில் வழி தவறித் திரும்பி வந்த கணவன் டுவைட், ஜோடியின் இன்னொரு கருவியோடு வெளியே, மலைமேல் ஆளேற்றும் லிஃப்டின் கம்பத்தடியில் நிற்கிறான். தடித்த கையுறையோடு எந்தப் பொத்தானை அழுத்துகிறானோ, கண்ணாடி வழியே அவன் உதடுகள் அசைவது மட்டும் தெரிகிறது. அவள் காதில் விழுவதோ முன்பின் தெரியாத ஒரு கிழவரின் குரல். “எங்கடி இருக்க? ஒரே வெள்ளையா இருக்கு, ஒண்ணுமே தெரியல.”

“எல்லாரும் செட்டை ஒண்ணாம் சேனல்லயே விட்டுடுறாங்க, அதான் வேற யாரோ கேக்குது. மாத்திக்கோங்க மேடம்,” என்கிறாள் கடைக்காரி. கார்லீனின் விரல் சேனல் மாற்றும் குமிழின் மேல் தயங்குகிறது. “இருக்கியாடி?” மறுபடியும் அதே குரல். வெளியே டுவைட் கையாட்டுகிறான். யாருக்குப் பதில் சொல்கிறோம் என்று புரியாமலே அவள் பொத்தானை அழுத்துகிறாள். “இருக்கேன். அங்கேயே நில்லுங்க.”

ஆட்டிய கையை இறக்கிவிட்டு, டுவைட் அசையாமல் நிற்கிறான்.