காயாத பிசின்

சிறை அறைக்குள் வார்டர் வந்த வேகத்தில் தலையணையைக் கிழித்தார். பஞ்சோடு சேர்ந்து கைதி கரண்டியின் ஆறு மாத உழைப்பும் தரையில் கொட்டியது.

உடைந்த ரம்பத் துண்டைத் தேய்த்துச் செய்த சின்ன வாள். சைக்கிள் கம்பியைத் தட்டிச் செய்த ஊசி அரம். சாப்பாட்டுக் கரண்டியின் காம்பைத் தட்டையாக்கிச் செய்த உளி. அந்த உளியைச் செய்த நாளிலிருந்துதான் அவனுக்குக் கரண்டி என்று பெயர். எல்லாமே குப்பைக் குழியில் பொறுக்கியவை. மூலையில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு கிதாரைப் பழுதுபார்க்கத்தான் இவ்வளவும். ஆனால் சிறையில் இதற்கெல்லாம் கருவி என்று பெயரில்லை, ஆயுதம் என்றுதான் பெயர்.

"இன்னும் பதினோரு நாள்தான் சார் இருக்கு," என்றான் கரண்டி.

"தெரியும்."

வார்டருக்கு உள்ளே எல்லோரும் வைத்த பெயர் சிடுமூஞ்சி. அவர் பல்லைப் பார்த்தவர்கள் அங்கே யாரும் இல்லை.

ஓர் அடிதடியில் கை ஓங்கிய பாவத்துக்குக் கரண்டிக்கு ஏழு வருஷம். ஒழுங்காக இருந்ததற்கு ஒரு வருஷம் தள்ளுபடி. அறையில் ரம்பம் கிடைத்தது என்று எழுதினால் அந்தத் தள்ளுபடி போச்சு. அவன் உள்ளே வந்த பிறகு பிறந்த மகள், அப்பா வரும் தேதியைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறாளாம்.

வார்டர் கிதார் பக்கம் திரும்பினார். தந்திகளைத் தாங்கும் கட்டை பெயர்ந்து போயிருந்ததை அன்று காலையில்தான் பிசின் வைத்து ஒட்டி, கட்டில் போல்ட்டுகளாலும் சைக்கிள் டியூப் துண்டுகளாலும் இறுக்கி வைத்திருந்தான். ஒரு நாள் முழுக்க அசையாமல் இருந்தால்தான் பிடிக்கும். வார்டர் போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தார்.

"சார், பிசின் காயல. நாளைக்குக் காலை வரைக்குமாவது விட்டுடுங்க."

"நாளைக்குக் காலை வரைக்கும் விட முடியாது."

கட்டை கையோடு வந்துவிட்டது. ஒன்று விடாமல் எல்லாவற்றையும் தன் சாப்பாட்டுப் பையில் திணித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

விஷயம் கேட்டு அடுத்த அறைப் பாட்டுக்காரர் ஓடி வந்தார். ஆயுள் கைதி. அவரைப் பார்க்க வெளியிலிருந்து யாரும் வந்ததில்லை. அவர் வாசிக்கத்தான் கரண்டி கிதாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். விடுதலையாகும் முன் முடித்துக் கொடுத்துவிடுகிறேன் என்று வாக்கும் கொடுத்திருந்தான்.

"எழுதினானா?" என்றார் வந்ததும்.

"இல்லண்ணே. பையில போட்டுக்கிட்டுப் போயிட்டார்."

"நல்லாப் பாத்தியா? பதிவேட்டுல எழுதவே இல்லையா?"

"இல்லண்ணே."

பாட்டுக்காரர் கிழிந்த தலையணையைப் புரட்டிப் பார்த்தார். பிறகு வார்டரின் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டினார். எழுதாமல் எடுத்துப் போனால் அதை வைத்து மிரட்டத்தான் என்றார். கரண்டியின் தோளைப் பிடித்துக்கொண்டு, "நான் இருக்கேன் தம்பி," என்றார். கரண்டிக்கு அழுகை வந்துவிட்டது. அந்தச் சிடுமூஞ்சி நாசமாய்ப் போகட்டும் என்று மனசாரச் சபித்தான்.

மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே சோதனைப் படை வந்தது. வெளியூர் ஆட்கள், ஆறு பேர். வேறு எந்த அறைக்கும் போகவில்லை. நேராகக் கரண்டியின் அறை, நேராகத் தலையணை. ஆட்டம் கண்ட தரைக்கல்லைப் பெயர்த்தார்கள். கிதாரின் வயிற்றுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். பஞ்சைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. கொண்டு வந்த மனுவின் மேலேயே பொய் மனு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போன பிறகு வார்டர் வந்தார், கையில் ஒரு தாளோடு.

"புகார்ப் பெட்டியில விழுந்த மனு. திறக்கும்போது மூணு பேர் இருந்தோம், நம்பர் போட்டாச்சு. கிழிச்சுப் போட முடியாது. அது மேல போறதுக்குள்ள உன் அறையைக் காலி பண்ணத்தான் என்னால முடிஞ்சுது."

"அந்தச் சாமானெல்லாம் சார்?"

"ஆத்துல. கேட்டைத் தாண்டுற வரைக்கும் எனக்கு உசிரே இல்ல. புடிச்சிருந்தா உன் பக்கத்து அறையில என்னைப் போட்டிருப்பாங்க."

நேற்று முழுக்க இந்த மனிதரையா சபித்தோம் என்று கரண்டி கூசிப்போனான். எழுதியது யார் என்று தெரிந்தால் ஜாக்கிரதையாக இருப்பேன் என்று கெஞ்சினான். யாரோடும் சண்டைக்குப் போகக் கூடாது என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, வார்டர் அரை மனதாகத் தாளை நீட்டினார்.

மனுவில் பெயர் இல்லை. பெயர் வேண்டியிருக்கவும் இல்லை. கரண்டியின் எழுத்து கோழி கிண்டியது போல இருக்கும் என்பதால், ஆறு வருஷமாக அவன் பெண்டாட்டிக்குப் போன கடிதங்களெல்லாம் அடுத்த அறையிலிருந்து, இந்த முத்து முத்தான கையெழுத்தில்தான் போயிருக்கின்றன.

வாள், அரம், உளி, தரைக்கல் என்று ஒன்றுவிடாமல் எழுதியிருந்தது. அத்தனைக்கும் கீழே, தனியாக ஒரு வரி.

'ஐயா, அவனை அடிக்க வேண்டாம். இன்னும் ஒரு வருஷம் இங்கேயே இருந்தால் போதும்.'