தும்மல் வந்த பக்கம்

“ஒரு சிடி பிளேயருக்கு இம்புட்டு வெலையா? நம்ம வீட்டு ஒத்தை ஸ்பீக்கர் பெட்டியும்தான் பாடுது!” மூணாறு கடையிலேயே கணவன் செபாஸ்டினைப் பிடித்துக்கொண்டாள் கத்தரீனாள்.

“கேட்டுட்டுச் சொல்லு புள்ள. இதுல எல்லாம் தனித்தனியாக் கேக்கும்.”

“அப்ப இதைப் போடச் சொல்லுங்க. அந்தத் தும்மல் மறையுதான்னு பாப்போம்.”

சித்திரபுரம் கோயில் பாடகர் குழுவின் பழைய கிறிஸ்துமஸ் சிடியைப் பையிலிருந்து எடுத்தாள். பாட்டின் நடுவே கேட்கும் தும்மல் அவளுடையதுதான் என்று ஊரே இன்னும் கேலி செய்கிறது.

“வேற சிடி இல்லையா?” என்றான் செபாஸ்டின் அவசரமாக. அதற்குள் கடைக்காரர் போட்டுவிட்டார்.

அன்று கோயிலில் பிரிந்து நின்ற அதே வரிசைப்படி, பெண்கள் வலது ஸ்பீக்கரிலும் ஆண்கள் இடது ஸ்பீக்கரிலும் பாடினார்கள். தும்மல் வந்தது. இடது பக்கம்! கூடவே, “மன்னிச்சிருங்க சாமி” என்று ஒரு முணுமுணுப்பு, அவள் தினமும் வீட்டில் கேட்கும் அதே குரலில்.

கத்தரீனாள் மெதுவாகத் திரும்பிக் கணவனைப் பார்த்தாள்.

“வெலை கூடத்தான் புள்ள. வா, போயிருவோம்.”

“வெலையா? கொள்ளை மலிவு! கட்டிக் குடுங்கண்ணே. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் ஊரே எங்க வீட்டுக்குத்தான் பாட்டுக் கேக்க வருது!”