உப்பில்லாத சூப்

"இன்னைக்கும் உப்பு போடலையா?" கரண்டியை வீசாத குறையாகக் கேட்டாள் அவள்.

கணவன் வைக்கும் சூப்பில் மூன்றாவது நாளாக இதே கூத்து. அவளே எரிச்சலில் இருந்தாள். ஆய்வகத்தில் அவள் வளர்க்கும் கடல் பாக்டீரியா பத்து நாளாகத் தலைகாட்டவே இல்லை. இந்த மாதத்துக்குள் வளராவிட்டால் முனைவர் பட்டம் அடுத்த வருடத்துக்குப் போய்விடும்.

"குடிக்க முடியலையா?" என்றான் கணவன். ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் வாத்தியார்.

"வாயில வைக்க முடியல."

"அப்போ அதுங்க மட்டும் எப்படிச் சாப்பிடும்?"

"எதுங்க?"

மேசையில் விரிந்து கிடந்த அவளுடைய ஆய்வு நோட்டைக் கண்ணால் காட்டினான். பாக்டீரியாவுக்கான தீனிப் பட்டியலைப் போன வாரத்துக்கு முந்தின வாரம்தான் அழகாகத் திருத்தி எழுதியிருந்தாள். விரல் வைத்து வரிவரியாகப் படித்தாள். எல்லாம் இருந்தது, உப்பைத் தவிர.

"தெரிஞ்சும் மூணு நாளா வாயத் திறக்கலையா நீங்க?"

"ஸ்கூல் வாத்தியார் என் ஆராய்ச்சியில மூக்கை நுழைக்க வேணாம்னு நீதானே சொன்ன?"

சொல்லிவிட்டு, தன் கிண்ணத்துச் சூப்பை முகம் சுளிக்காமல் உறிஞ்சினான். முந்தைய இரண்டு நாளும் அவள் தன் கிண்ணத்தில் உப்பைக் கொட்டிக்கொண்டாள். அவன் போட்டுக்கொள்ளவே இல்லை.

அவள் எழுந்து போய் உப்பு டப்பாவை எடுத்து வந்து, முதலில் அவன் கிண்ணத்தில் போட்டாள்.