சிதம்பரம் பஸ்

"அன்னம், நாளைக்கு கடலூர் ஆபீஸ்ல கிறிஸ்துமஸ் பார்ட்டியாம். எல்லாரும் கண்டிப்பா வரணும்னு வாட்ஸ்அப் குரூப்ல போட்டிருக்காங்க. போவட்டுமா, வேணாமா?" என்று மனைவியிடம் கேட்டார் அம்பலம்.

"வருஷா வருஷம் சிதம்பரம் பஸ்ஸு போயிடும்னு கேக் வெட்டறதுக்கு முன்னாடியே ஓடியாந்துடுவீங்க. கூப்பிடறவுங்க என்னா நெனைப்பாங்க? இந்த வருஷமாச்சும் இருந்துட்டு வாங்க."

முதல்முறையாகக் குரூப்பில் 'நானும் வரேன்' என்று பதில் போட்டார். நல்ல சட்டையாக ஒன்றை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தார்.

போன் ஒலித்தது. ஆபீஸ் கிளார்க் ஷஹனாஸ் அவருக்குத் தனியாக மெசேஜ் அனுப்பியிருந்தாள்.

'சாரி சார். மே மாசம் நீங்க ரிட்டயர் ஆனப்பவே குரூப்லேருந்து எடுத்திருக்கணும். மறந்துட்டேன். இப்ப எடுத்துட்டேன்.'

"இன்னுமா இஸ்திரி போடறீங்க?" என்றாள் அன்னபூரணி.

அம்பலம் சட்டையை மடித்தார்.

"வேணாம் அன்னம். பஸ்ஸு போயிடும்."