ஒழுகாத குழாய்

சைரன் அலறியதும் கீழ்த்தளக் கூட்ட அறையிலிருந்து எண்பது பேர் படியேறி ஓடினார்கள். எல்லோருக்கும் முன்னால் ஓடியவர் முதலாளி. அந்த அவசரத்திலும் சாப்பாட்டு டப்பாவை மறக்காமல் கையோடு எடுத்து வந்திருந்தார்.

ஒருவர் மட்டும் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, வாளியும் கையுமாகக் கீழே இறங்கினார். எந்தக் கட்டடத்தில் எங்கே ஒழுகினாலும் கண்டுபிடித்துவிடுவார் என்பதால் எல்லோரும் அவரைச் 'சொட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். ஈரம் பட்டால் அலறும் அந்தக் கருவியை அறையில் மாட்டியவரும் அவரே.

இறங்கிப் பார்த்தால் தரை வறண்டு கிடந்தது. ஓர் எறும்பு குளிக்கக்கூட அங்கே தண்ணீர் இல்லை.

போன மழையில் அறை மூழ்கிப்போனதால் வந்த ஏற்பாடு இது. உள்ளங்கை அகலத்தில் ஒரு தகடு, குழாய்க்குக் கீழே தரையில் கிடக்கும். அதன்மேல் நாலு துளி விழுந்தால் போதும், சைரன் ஊளையிடும், கதவுகள் தானாகத் திறந்துகொள்ளும், ஷாக் அடிக்காமலிருக்க மைக்குக்குப் போகும் கரண்டும் நின்றுவிடும். போன வாரக் கூட்டத்திலும் இது அலறியபோது சொட்டு வெளியூரில் இருந்தார். அதனால்தான் இன்று காலையிலிருந்தே வாசலில் காவல் கிடந்தார்.

முதலாளி படியில் நின்று எல்லோர் காதிலும் விழும்படி கத்தினார்.

"யோவ், எங்கய்யா தண்ணி? இன்னொரு தடவ இது சும்மா கத்திச்சு, உன்னையும் உன் கருவியையும் சேத்து வெளிய அனுப்பிடுவேன். மத்த ஆறு கட்டடத்து வேலையும் உனக்குக் கிடையாது!"

அந்த ஆறு கட்டடத்திலும் கருவி மாட்டக் கிடைக்கும் என்று நம்பித்தான் சொட்டு, பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டிருந்தார். வீட்டில் மனைவியிடம் வேறு வீறாப்பாகப் பேசியாகிவிட்டது.

"இப்பதான் மாமா முன்னுரையே முடிச்சேன்" என்று மேலாளர் முகம் சுண்டி நின்றார். அவர் முதலாளியின் மனைவிக்குச் செல்லத் தம்பி. பேச ஆரம்பித்தால் மூன்று மணி நேரம். போதும் என்று சொல்ல அந்தக் கம்பெனியில் ஒருவருக்கும் வாய் வராது.

"பத்து நிமிஷம் குடுங்கய்யா, என்னன்னு பாத்துடறேன்" என்றார் சொட்டு.

குழாயைத் தடவினார், காய்ந்திருந்தது. ஏசியைத் தடவினார், அதுவும் காய்ந்திருந்தது. அப்புறம்தான் குழாய்க்குக் கீழே தகட்டையே காணோம் என்பது உறைத்தது.

வயரைப் பிடித்துக்கொண்டே போனார். அது சுவரோரமாக ஓடி, கம்பளத்துக்கு அடியில் நுழைந்து, பேச்சாளர் மேசையின் காலில் ஏறி, மைக்குக்கு முன்னாலிருந்த பூஜாடியின் பக்கத்தில் முடிந்தது. தகடு அங்கே ஜம்மென்று நனைந்து உட்கார்ந்திருந்தது.

"கூட்டுற அம்மா இடம் மாத்தி வெச்சுட்டாங்க போல" என்று முணுமுணுத்தபடி ஜாடியை எட்டிப் பார்த்தார். காகிதப் பூ. தண்ணீர் பாட்டிலோ மூடி திறக்காமல் அப்படியே இருந்தது.

தகட்டைத் துடைத்து அங்கேயே வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, பொறுமையிழந்த மேலாளர் மறுபடி மேடையேறிவிட்டார். எண்பது பேரும் பின்னாலேயே வந்து, முதல் இரண்டு வரிசையைக் காலியாக விட்டு உட்கார்ந்தார்கள். வெளியே போக வழியில்லாமல் சொட்டு மேசைக்கு முன்னால் குனிந்துகொண்டார்.

"பணியாளர்களே! படிப்படியாகப் பாடுபட்டு, பெரும் பயன் பெறுவோம்!"

சொட்டின் வழுக்கையில் ஏதோ விழுந்தது. கூரை ஒழுகுகிறதோ என்று அண்ணாந்து பார்த்தார். கூரையில் ஒன்றுமில்லை. அடுத்த வாக்கியத்துக்கு மூக்கிலேயே விழுந்தது.

"பொறுப்பும் பொறுமையும்..." என்று மேலாளர் தொடங்கியதுதான் தாமதம், சைரன் ஊளையிட்டது. கதவுகள் திறந்தன, மைக் செத்தது. பின் வரிசையில் யாரோ கை தட்டியது போலக்கூட இருந்தது.

ஐந்தே நிமிடத்தில் முதலாளி கூப்பிடுவதாக ஆள் வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் மச்சினரைக் குறை சொன்னதாகிவிடும், சொல்லாவிட்டால் வேலை போய்விடும். சொட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

"ஐயா, கருவி மேல தப்பில்லீங்க. தகட்ட யாரோ மேசைக்கு மாத்தியிருக்காங்க. அப்புறம் நம்ம மேலாளர் ஐயா... கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுப் பேசறாருங்களா..."

"அதுக்கு?"

"பேச்சோட சேந்து சாரலும் வருதுங்க."

முதலாளி எழுந்து போய்க் கதவைத் தாழிட்டார்.

"இத வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"சத்தியமா இல்லீங்க. தகட்ட இப்பவே பழையபடி குழாய்க்குக் கீழ வெச்சுடறேன். இனிமே அவர் எத்தன மணி நேரம் பேசினாலும் அது கத்தாது."

முதலாளி பதறிப்போய் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ஆறு கட்டடமும் உனக்கே தர்றேன், அத மட்டும் தொட்டுடாதப்பா. அங்க தூக்கி வெச்சதே நான்தான்!"